மணலில் ஒரு செவிலித்தாய்

கரக்பூரில் வாழும் நம் சங்க அன்பர் ஒருவர் சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய மாமரம் நிற்கிறது. அதன் கிளையொன்றில் ஆர்க்கிட் செடிகள் நான்கைந்து, தடித்த வேர்களால் பட்டையைப் பற்றிக்கொண்டு, எவரும் நீர் ஊற்றாமலே ஆண்டுதோறும் பூக்கின்றனவாம். மஞ்சள் கலந்த இதழில் பழுப்புக் கட்டங்கள்; நடுவே ஊதா நிற நாக்கு; நல்ல மணம். அவற்றுள் ஒன்றை அவருடைய துணைவியார் ஆசையோடு பெயர்த்தெடுத்து, தொட்டியில் செம்மண்ணும் எருவும் இட்டு நட்டு, நாள் தவறாமல் நீர் வார்த்து வந்தார். நாற்பது நாளில் செடி அழுகிப்போயிற்று. “கவனிப்பாரற்ற மரத்தில் செழித்திருந்தது, கவனித்த இடத்தில் மாண்டது. காரணம் என்ன? உங்கள் பகுதியில் எழுதக் கூடாதா?” என்று அன்பர் கேட்டிருக்கிறார்.

உடனடிக் காரணம் எளிது. அவர் எழுதியிருக்கும் அடையாளங்களைப் பார்த்தால், அது வங்கத்திலும் ஒடிசாவிலும் மாமரங்களில் காணப்படும் வாண்டா இனம். அப்பக்கத்தில் இதனை ராஸ்னா என்பர். வாண்டா என்னும் பெயரே நம் நாட்டு வடமொழியிலிருந்து தாவர நூலுக்குப் போன பெயர்தான். இதன் வேர் மண்ணுக்குள் வாழப் பிறந்ததன்று. காற்றில் தொங்கி வாழப் பிறந்தது. வேரின்மேல் பஞ்சு போன்ற வெள்ளை உறை ஒன்று உண்டு. மழை பெய்தவுடன் அது நீரை உறிஞ்சிக்கொள்ளும். பின் விரைவில் உலர்ந்துவிடும். அவ்வேரை ஈர மண்ணில் புதைத்தல் அதன் மூச்சை அடைத்தல் போலாகும். அம்மையார் அன்பினால் செய்தது செடிக்கு வினையாய் முடிந்தது.

ஆயினும் அன்பர் கேட்காத கேள்வி ஒன்று அக்கடிதத்திற்குள் ஒளிந்திருக்கிறது. முதன்முதலில் அச்செடி அந்தக் கிளையில் எவ்வாறு குடியேறிற்று? மரம் முழுவதும் கிளைகள் இருக்க, அந்த ஒரு கிளையில் மட்டும் ஏன்? இக்கேள்விக்கு விடை தேடப்போய், நான் மாமரத்தை விட்டுக் கடற்கரை மணலுக்குப் போக வேண்டியதாயிற்று. ஏனெனில் வாழ்வதற்கு மிகக் கடினமான இடத்தில்தான் ஒரு செடிக்கு மற்றொன்று செய்யும் உதவி கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது.

முதலில் விதையைப் பார்ப்போம். அவரையோ நெல்லோ தன் குழந்தையை வெளியே அனுப்பும்போது கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தே அனுப்புகிறது. முளை, தன் இலையால் உணவு சமைத்துக்கொள்ளும் வரையில் அந்தச் சோற்றை உண்டு வளர்கிறது. ஆர்க்கிட் விதைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அது வெறும் தூசி. சில நூறு உயிரணுக்கள், அவற்றைச் சுற்றி ஒரு மெல்லிய உறை, அவ்வளவே. எங்கள் பார்சல் ஆபீஸ் தராசில் ஏறாத சரக்கு. எடை இல்லாமையால் காற்று அதனை நெடுந்தூரம் கொண்டுபோகும். உணவு இல்லாமையால், இறங்கிய இடத்தில் அது தானாக முளைக்க இயலாது.

இக்குறையைத் தாய்ச்செடி எண்ணிக்கையால் ஈடு செய்யப் பார்க்கிறது. சார்லஸ் டார்வின் 1862-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆர்க்கிட் பற்றிய நூலில் ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். இங்கிலாந்தில் சாதாரணமாக வளரும் ஓர் ஆர்க்கிடின் ஒரு காயில் ஏறத்தாழ 6,200 விதைகள். ஒரு செடியில் 30 காய்கள். ஆக 1,86,300 விதைகள். அத்தனையும் முளைத்தால் அச்செடியின் கொள்ளுப்பேரர்களே உலகத்தின் நிலப்பரப்பை ஏறக்குறைய மூடிவிடுவார்கள் என்றும் காட்டினார். அவ்வாறு மூடவில்லை என்பது நமக்குத் தெரியும். எது தடுக்கிறது என்பது டார்வினுக்கு விளங்கவில்லை.

விளங்கவைத்தவர் நோயல் பெர்னார் என்ற பிரெஞ்சு இளைஞர். 1899-ஆம் ஆண்டு, படைப்பணியில் இருந்த காலத்தில், மெலன் நகரத்தை அடுத்த காட்டில் சருகுக்கடியில் புதைந்துகிடந்த ஓர் ஆர்க்கிட் தண்டை அவர் கண்டார். அதன் காய்களுக்குள்ளேயே விதைகள் முளைவிட்டிருந்தன. பெர்னார் அவற்றை நுண்ணோக்காடியில் வைத்துப் பார்த்தார். முளைத்த ஒவ்வொன்றினுள்ளும் ஒருவகைப் பூஞ்சணத்தின் இழைகள் சுருண்டு கிடந்தன. ஊறுகாயின் மேலும் பழைய ரொட்டியின் மேலும் படர்ந்து நம் வீட்டுப் பெண்டிரை வருத்தும் அதே பெருங்குடும்பத்தைச் சேர்ந்ததுதான் இப்பூஞ்சணமும். அது விதைக்குள் நுழைகிறது. விதை அதன் இழைகளைச் செரித்து, அதிலிருந்து சருக்கரையும் பிற சத்துகளும் பெற்று வளர்கிறது. தாய் கட்டாத சோற்றை வழியில் கண்ட அயலான் ஊட்டுகிறான் என்று வைத்துக்கொள்ளலாம். பெர்னார் 1911-இல், 36 வயதிலேயே காலமானார். அவர் கண்டதன் பெருமை அதற்குப் பின்னரே உலகுக்குத் தெரிந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். 1922-இல் லூயிஸ் நட்ஸன் என்ற அமெரிக்கப் பேராசிரியர், பூஞ்சணம் இல்லாமலே சருக்கரை கலந்த கூழில் ஆர்க்கிட் விதைகளை முளைக்கவைத்துக் காட்டினார். இன்று கல்கத்தாவிலும் பம்பாயிலும் கடைகளில் விற்கும் பகட்டான ஆர்க்கிட் செடிகள் பெரும்பாலும் இவ்வகைக் கண்ணாடிக் குடுவைக் குழந்தைகள். அவை பால்கனியில் பூக்கும். அவற்றின் விதையை மணலில் தூவிப் பயனில்லை.

ஆக, ஆர்க்கிட் விதைக்கு வேண்டியது பூஞ்சணம். அந்தப் பூஞ்சணத்துக்கோ ஈரம் வேண்டும், மட்கிய இலைதழை வேண்டும், நிழல் வேண்டும். வெறும் மணலில் இவற்றுள் ஒன்றேனும் உண்டா? நண்பகலில் கடற்கரை மணலில் செருப்பின்றி நடந்து பார்த்தவர்களுக்கு விடை தெரியும். பெய்த மழை மணலில் நிற்பதில்லை; உப்புக் காற்று இளந்தளிரைக் கருக்குகிறது; மேல்மணல் இன்று ஓரிடம், நாளை வேறிடம். அப்படியிருந்தும் உலகத்தில் பல கடற்கரை மணற்பரப்புகளில் ஆர்க்கிட் பூக்கின்றது. எப்படி என்பதை ஆராய்ந்து தெளிவதற்கு நல்ல இடம் பிரேசில் நாட்டின் கிழக்குக் கடற்கரை.

அந்நாட்டு மழைக்காடுகளுக்கும் அட்லாண்டிக் கடலுக்கும் இடையே, கடல் ஒதுக்கிய மணற்சமவெளி நீண்டு கிடக்கிறது. அதில் வளரும் புதர்க்காட்டை அந்நாட்டார் ரெஸ்டிங்கா என்கின்றனர். ரியோ டி ஜெனீரோ மாநிலத்தின் வடபகுதியில் ஜுருபாட்டிபா என்னுமிடத்தில் உள்ள ரெஸ்டிங்கா 1998-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக்கப்பட்டது. அங்கே செடிகள் தரையெங்கும் பரவலாக முளைப்பதில்லை. வெள்ளை மணற்கடலில் பச்சைத் தீவுகள் போல், இங்கொரு புதர்க்கூட்டம், அங்கொரு புதர்க்கூட்டம், நடுவில் வெறும் மணல் என்று காட்சி தரும்.

அத்தீவு ஒன்று எப்படித் தோன்றுகிறது என்பது சுவையான கதை. முதலில் வெறும் மணலில் வந்து அமர்வது தண்டைத் தரைக்கடியில் வைத்து வளரும் குரிரி என்னும் குட்டைப் பனையோ, நம் அன்னாசியின் சுற்றத்தாராகிய புரோமீலியச் செடியோ ஆகும். அன்னாசியின் தலைக்கொண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கொண்டை பெரிதாகி, இலைகளின் அடி ஒன்றையொன்று தழுவி ஒரு கிண்ணம் போலானால் அதுதான் இச்செடி. மழைநீர் அக்கிண்ணத்தில் தேங்குகிறது. காற்றில் வரும் சருகு அதில் விழுந்து மட்குகிறது. சுற்றிலும் மணல் கொதிக்கும்போது அக்கிண்ணத்துக்குள் தவளையும் பூச்சியும் குளிர்ந்த நீரில் குடியிருக்கின்றன.

அக்கிண்ணத்தில் குளூசியா என்னும் மரத்தின் விதை வந்து விழுகிறது. வெறும் மணலில் பிழைத்திராத அவ்விதை, கிண்ணத்தின் ஈரத்தில் முளைத்து, பிறகு வேரை மணலுக்கு இறக்கி, நாளடைவில் தடித்த இலையோடு கூடிய மரமாகிறது. இம்மரம் நமக்கு முற்றிலும் அந்நியமானதன்று. மலையாள நாட்டார் மீன்குழம்பில் இடும் குடம்புளி இதன் குடும்பத்தைச் சேர்ந்தது. குளூசியாவுக்கு ஒரு வினோதப் பழக்கம் உண்டு. பிற மரங்கள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து காற்றை வாங்கும். அப்போது நீர் ஆவியாய்ப் போகும். இதுவோ இரவில் திறந்து காற்றை வாங்கிச் சேமித்துக்கொண்டு, பகலில் அடைத்துவிடுகிறது. அன்னாசியும் அப்படியே. மணலில் குடியேறப் பிறந்தவர்கள் இருவரும்.

குளூசியா குடை விரித்தபின் அத்தீவின் நிலையே மாறுகிறது. நிழலில் மணல் குளிர்கிறது. ஆண்டுதோறும் உதிரும் தடித்த இலைகள் ஒரு மெத்தையாகின்றன. அந்த மெத்தை ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. அதில் பூஞ்சணம் இழையோடுகிறது. கடற்காற்று புதரில் மோதி வேகம் குறையும்போது, அது சுமந்துவந்த தூசி கீழே இறங்குகிறது. அத்தூசியில் ஆர்க்கிட் விதையும் இருக்கலாம். இனி அதற்கு வேண்டிய யாவும் ஓரிடத்தில் கூடியிருக்கின்றன. ஐஸ்கிரீமுக்கு மணம் தரும் வெனிலாவின் காட்டு உறவினர் ரெஸ்டிங்காப் புதர்களில் கொடியாய் ஏறுகின்றன; அதுவும் ஆர்க்கிட்தான் என்பதைப் பலர் அறியார். கட்லேயா என்னும் பெரும்பூ ஆர்க்கிட் மரக்கிளைகளிலும், மரத்தடிச் சருகிலும் வாழ்கின்றது. புதருக்கு நான்கடி அப்பால் உள்ள வெறுமணலில் அதைத் தேடிப் பயனில்லை.

இவ்வாறு உதவும் செடியை ஆங்கில நூலார் தாதி என்ற பொருள்படும் சொல்லால் குறிக்கின்றனர். நமக்கு அதனினும் நல்ல சொல் பழமையிலேயே உண்டு. பெற்றவள் நற்றாய், வளர்ப்பவள் செவிலித்தாய். ஆகவே செவிலிச் செடி என்போம். அமெரிக்கப் பாலைவனத்தில் சகுவாரோ என்னும் நெடுங்கள்ளி, பிற மரங்களின் நிழலில் குழந்தைப் பருவத்தைக் கழிப்பது இதற்குப் பழைய எடுத்துக்காட்டு. அங்கே கள்ளிக்கு வேண்டியது நிழல். ஆர்க்கிடுக்கோ நிழலோடு பூஞ்சணமும் வேண்டும். ஆகவே அதன் செவிலிக்கு இரட்டை வேலை.

செவிலி என்றால் என்னவென்று நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. முகவரி எழுதிய துண்டுக் காகிதத்தோடு ரெயிலை விட்டு இறங்கி, தெரிந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் முன்னறையில் பாய் விரித்துப் படுத்து, முதற் சம்பளம் வரும்வரை அவ்வீட்டு அம்மாள் இட்ட சோற்றை உண்டவர்கள் நம்மில் எத்தனை பேர்! மொழி தெரியாத ஊரில் அந்த ஒரு வீடு இல்லாவிடில் அடுத்த வண்டிக்கே திரும்பியிருப்போம்.

செடிகளுக்குள் நடப்பது போராட்டமே என்றுதான் நாம் பள்ளியில் படித்தோம். அது தவறன்று, பாதி உண்மை. 1994-ஆம் ஆண்டில் பெர்ட்னெஸ், காலவே என்ற இரண்டு அமெரிக்க அறிஞர்கள் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். நிலம் வளமாக இருக்குமிடத்தில் அண்டைச் செடிகள் போட்டியிடுகின்றன. வெயிலும் உப்பும் வறட்சியும் மிகுந்த இடத்தில் அண்டைச் செடியின் உதவி போட்டியை விட மேலோங்குகிறது என்பது அது. பின்வந்த ஆய்வாளர் பலரும் இதனைச் சோதித்தனர். எங்கும் ஒரே சீராகப் பொருந்தவில்லையாயினும், கருத்து நிலைத்துவிட்டது. எல்லா ஆர்க்கிடுக்கும் செவிலி கட்டாயம் என்றும் கொள்ளவேண்டா. தென்பிரேசிலின் கடற்கரைகளில் எபிடென்ட்ரம் என்னும் செந்நிறப் பூ ஆர்க்கிட் ஒன்று திறந்த மணல்மேட்டில், கொளுத்தும் வெயிலிலேயே துணிந்து நிற்கிறது.

செவிலியின் உதவி மண்ணுக்கு மேலே மட்டுமன்று என்பதற்கு ஐரோப்பாவின் குளிர்ந்த கடற்கரை சான்று. அங்கே வெயிலின் கொடுமை இல்லை. ஆகவே நிழல் பெரிதன்று. இங்கிலாந்தின் மேற்குக் கரையிலும் வேல்ஸ் நாட்டிலும் மணல்மேடுகளுக்கு நடுவே மழைக்காலத்தில் நீர் தேங்கும் பள்ளங்கள் உண்டு. அவற்றில் படர் வில்லோ என்னும் முழங்கால் உயரப் புதர் பரவிக் கிடக்கிறது. கிரிக்கெட் மட்டை செய்யும் வில்லோ மரத்தின் குள்ளத் தம்பி அது. அதன் அருகே, மணல்மேட்டு ஆர்க்கிட் என்றே பெயர் பெற்ற எபிபாக்டிஸ் இனம் ஒன்று பூக்கிறது. இந்த எபிபாக்டிஸ் கூட்டத்தாரைப் பற்றி ஜெர்மானிய ஆய்வாளர் 2003-இல் வெளியிட்ட முடிவு வியப்பானது. மரங்களின் வேரோடு உறவு கொண்டு, அவற்றின் சருக்கரையை உண்டு வாழும் பூஞ்சணங்கள் உண்டு. அப்பூஞ்சணங்களோடு ஆர்க்கிடும் உறவு கொள்கிறது. பச்சை இலை இருந்தும், தன் உணவில் ஒரு பகுதியை அவ்வழியாகப் பெறுகிறது. அதாவது மரம் சமைக்க, பூஞ்சணம் பரிமாற, ஆர்க்கிட் உண்கிறது. மரத்தை வெட்டினால் பந்தி முடிந்தது.

ஆனால் செவிலியே பகையாவதும் உண்டு. வேல்ஸின் தெற்கே கென்ஃபிக் என்னும் மணல்வெளியில் லிப்பாரிஸ் என்ற மிகச் சிறிய ஆர்க்கிட் வாழ்கிறது. அது இளம் பள்ளங்களை விரும்புவது. உயரமான புல்லும் புதரும் மூடினால் மறைந்துவிடும். பழங்காலத்தில் மணல் ஓயாமல் நகர்ந்து புதுப்பள்ளங்களை உண்டாக்கியது. முயல்கள் புல்லை மேய்ந்து கட்டுக்குள் வைத்தன. 1953-இல் முயல்களுக்கு ஒரு கொள்ளைநோய் இங்கிலாந்துக்கு வந்து, அவை பெருவாரியாக மாண்டன. மணல் அசைவற்று நின்றது, புதர் அடர்ந்தது, ஆர்க்கிட் குறைந்தது. இப்போது அங்கே இயந்திரங்களைக் கொண்டு மேல்மண்ணையும் புதரையும் அகற்றி, மணலை மீண்டும் வெளிப்படுத்துகிறார்கள். அங்கு செய்வதைக் கண்டு ரெஸ்டிங்காவில் புதரை அகற்றினால் அழிவுதான். இடம் அறிந்து செய்ய வேண்டிய காரியம் இது. வளர்ந்த பிள்ளையைத் தனிக்குடித்தனம் போகவிடாத வளர்ப்புத்தாய்மாரும் உலகில் உண்டு அல்லவா?

நம் நாட்டுக் கடற்கரைக்கு வருவோம். இங்கும் மணலை முதலில் பிடித்து நிறுத்துவோர் இருக்கின்றனர். ஊதாப் பூப் பூக்கும் அடும்பங்கொடி, உருண்டு ஓடும் இராவணன் மீசைப் புல், அவற்றின் பின்னே தாழை, அதன் பின்னே புன்னை. நெய்தல் நிலத்துப் பழம்பாடல்களில் அடும்பையும் தாழையையும் புன்னையையும் சேர்த்தே காண்கிறோம். மணலில் அவை சேர்ந்தே நிற்பதைக் கண்டவர்கள்தாம் அவற்றைப் பாடினார்கள். ஆனால் இன்று கடற்கரையைத் திருத்துகிறோம் என்று முதலில் பிடுங்கி எறிவது இக்கொடியையும் புல்லையுமே. பின்னர் வரிசை வரிசையாய்ச் சவுக்கு நடுகிறோம். பூரிக்கும் கோணார்க்குக்கும் இடையே சென்றவர்கள் அதனைப் பார்த்திருப்பார்கள். 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தமிழ்நாட்டுக் கரையிலும் மிகுதியாக நட்டார்கள். சவுக்கு விரைவில் வளரும், விறகு தரும், காற்றைத் தடுக்கும். ஏழை மக்களுக்கு அதனால் வந்த நன்மையை நான் மறுக்கவில்லை. ஆயினும் அது இந்நாட்டு மணலின் செவிலியன்று. அதன் ஊசிச்சருகு கனத்த போர்வையாய் மூடிய இடத்தில் பிற செடிகள் எளிதில் முளைப்பதில்லை. மணலில் வந்து முட்டையிடும் ஆமைக்கும் அது இடைஞ்சல் என்று இயற்கை ஆர்வலர் முறையிட்டிருக்கிறார்கள். 2019 மே 3-ஆம் நாள் வீசிய ஃபானிப் புயலில் பூரிக் கரையில் சவுக்கு மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன. அந்த வெற்றிடத்தில் மறுபடியும் அதையே நடுவதா, தாழைக்கும் புன்னைக்கும் இடம் விடுவதா என்பதைப் பெரியவர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும்.

செவிலியை வெட்டிக் குழந்தையைக் கொண்டுபோகும் வழக்கம் புதிதன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் ஐரோப்பியச் சீமான்களுக்கு ஆர்க்கிட் பித்துத் தலைக்கேறியிருந்தது. ஆல்பர்ட் மில்லிகன் என்பவர் கொலம்பியாவில் இரண்டு மாதத்தில் 10,000 ஆர்க்கிட் செடிகளைச் சேகரித்ததாகவும், அதற்காக ஏறத்தாழ 4,000 மரங்களை வெட்டியதாகவும் 1891-இல் வெளியான தம் நூலில் எழுதியிருக்கிறார். அதனை அவர் குற்றமாகக் கருதியதாகத் தெரியவில்லை. 1973-ஆம் ஆண்டு உலக நாடுகள் செய்துகொண்ட வணிக உடன்படிக்கையில் ஆர்க்கிட் குடும்பம் முழுவதும் இன்று அடங்கியிருக்கிறது. சட்டம் சுங்கச் சாவடியில் செடியைக் காக்கும். செடி நின்ற மரத்தை எவர் காப்பார்?

கரக்பூர் அன்பருக்கு ஒரு சொல். போன செடி போகட்டும். பிரித்தெடுத்த வேறு செடி ஏதேனும் கையில் இருந்தால், மண்ணில் நடாமல், தேங்காய் மட்டைத் துண்டில் தளர்வாகக் கட்டி, காலை வெயில் மட்டும் படும் இடத்தில் தொங்கவிட்டுக் காலையில் நீர் தெளிக்கச் சொல்லுங்கள். கிளையில் எஞ்சியவற்றைத் தொட வேண்டா. அக்கிளையின் பாசியையும் சுரண்ட வேண்டா. பூத்தபின் காய் பிடித்தால், அது முற்றித் தானாக வெடிக்கும்வரை விட்டுவையுங்கள். விதை காற்றோடு எங்கெங்கோ போகும். ஆயினும் தாய்ச்செடியின் வேருக்கு அருகில்தான் வேண்டிய பூஞ்சணம் ஏற்கெனவே குடியிருக்கிறது. அக்காலத்துத் தோட்டக்காரர்கள் காரணம் தெரியாமலே ஆர்க்கிட் விதையைத் தாயின் அடியில் தூவி வந்ததும் இதனாலேயே பலித்தது. ஆகவே ஓரிரண்டு மழைக்காலம் கழிந்தபின், அந்தப் பழைய வேர்களை ஒட்டியுள்ள பட்டை வெடிப்புகளில் கண்ணாடி வைத்துத் தேடிப் பாருங்கள். கடுகளவு பச்சை மணி ஒன்று தென்பட்டால் எனக்கு ஒரு கார்டு எழுதுங்கள்.